அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அங்குள்ள அந்தோனியார் கோயிலுக்குத் திரளும் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் தெருவுக்கு வழி சொல்வார்கள். அரண்மனைக்கு வழி கேட்டால் விழிப்பார்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மேனிய வணிகர்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அது ஆர்மேனியன் தெருதான்.

வேற்றுமொழிச் சொல்லின் ‘ர்ம’ தமிழ் நாவில் நெகிழ்வதுண்டு. தர்மம் தருமமாகும், கர்மம் கருமமாகும். ஆர்மேனியும் அப்படியே நெகிழ்ந்து ‘அரமனி’ என்பதுபோல ஒலித்திருக்க வேண்டும். அரண்மனையைப் பேச்சில் ‘அரமனை’ என்பதுதானே வழக்கம்? தெரியாத பெயர் தெரிந்த சொல்லுக்குள் குடியேறிவிட்டது. ‘காரன்’ என்ற ஒட்டையும் பாருங்கள். அதே ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. பவளம் விற்றவனுக்கும் வேற்று நாட்டிலிருந்து வந்தவனுக்கும் ஊர் ஒரே ஒட்டைத்தான் தந்திருக்கிறது.

‘ஆர்மேனியர்’ என்பதுகூட அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. தம்மை ‘ஹாய்’ என்றும் நாட்டை ‘ஹயஸ்தான்’ என்றும் சொல்வார்கள். ‘அர்மினா’ என்பது பாரசீக மன்னன் டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் வரும் பெயர். பின்னொரு பாரசீக மன்னன், ஷா அப்பாஸ், 1600களின் தொடக்கத்தில் ஜுல்ஃபா நகரத்து ஆர்மேனியரை வேரோடு பெயர்த்து இஸ்ஃபஹானில் குடியேற்றினான். அங்கிருந்துதான் இவர்களின் வணிகம் சென்னை வரை நீண்டது.

1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி இவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. கம்பெனியின் ஊர்களில் 40 ஆர்மேனியர் குடியேறினால் தேவாலயத்துக்கு இடம், குருவுக்கு ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு 50 பவுண்டு. சென்னையில் 1712இல் முதல் தேவாலயம் எழுந்தது. இன்று தெருவில் நாம் காண்பது 1772இல் கட்டியது. 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வணிகர் தம் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார்; பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் அவரே. கூலியாளும் குடியானவனும் நனையாமல் ஆற்றைக் கடந்தது அந்தப் பாலத்தில்தான்.

ஒப்பந்தம் கொடுத்ததை ஒப்பந்தக்காரனே பறிக்கவும் செய்தான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சென்னை 1749இல் திரும்பக் கிடைத்ததும், எதிரிக்கு உதவியவர்கள் என்ற சந்தேகத்தில் கோட்டையின் வெள்ளையர் பகுதியிலிருந்து ஆர்மேனியர்களைக் கம்பெனி வெளியேற்றியது, வீடுகளும் பறிபோயின. ஊரார் வழங்கிய பெயரோ ஆர்மேனியக் குடும்பங்கள் அருகிப்போன பிறகும் நிலைத்திருக்கிறது. ஒரு நகரம் வந்தவர்களை ஏற்றுக்கொண்டது என்பதற்கு, கம்பெனியின் கையெழுத்தைவிட இந்தத் திரிந்த பெயரையே நான் பெரிய சான்றாக எண்ணுகிறேன்.

ஆகவே, ‘சரியான’ பெயருக்குத் திருத்த யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன். அரண்மனைக்காரன் பலகையில் அப்படியே இருக்கட்டும். ஆனால் கதை தெரியாமல் போகக் கூடாது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இந்தத் தெருத் தேவாலயத்திலேயே இருக்கிறது. மாநகராட்சி பெயர்ப்பலகையின் அடியில் இதை இரண்டு வரியில், தமிழிலும் ஆர்மேனிய எழுத்திலும் பொறிக்கலாம்.