உப்புக் கல்லும் சீனாக்காரமும்: தீவகத்திலிருந்து ஒரு குறிப்பு

சென்ற ஆடி விடுமுறையில் என் இளைய மகள் கறிச்சட்டிக்குப் போட வைத்திருந்த கல்லுப்பில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, "வாப்பா, இது ஏன் பெட்டி மாதிரிக் கிடக்கு? ஆர் வெட்டினது?" என்று கேட்டாள். நான் தமிழ் படிப்பிக்கிறவன். உமணரைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பெட்டியைப் பற்றிக் கேட்டதால் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. இக்கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தது.

எங்கள் வேலணைத் தீவின் கரையோரங்களில் ஆடி, ஆவணி வெயிலில் பரவைக்கடல் பின்வாங்கும்போது சேற்றின்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது உப்பேதான். யாரும் விதைக்காத விளைச்சல். ஆனால் அதை அள்ளும் உரிமை எல்லாக் காலத்திலும் மக்களிடம் இருந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்தில் உப்பு அரசின் தனியுரிமை. தானாக விளைந்ததை அள்ளுவதும் குற்றமாயிற்று. யாழ்ப்பாணத்தில் இளம் அதிகாரியாக இருந்த லெனாட் வூல்ஃப் பின்னர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றினார். அங்கே அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று உப்பு அள்ளுவிப்பதுதான்.

நம் மார்க்கச் சட்டத்திலும் உப்புக்குத் தனி இடமுண்டு. வட்டி பற்றிய நபிமொழியில் பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை ஆகியவற்றோடு ஆறாவதாக எண்ணப்படுவது உப்பு. சங்கப் பாடல்களில் உமணர் நெல்லுக்கு உப்பு மாற்றித் திரிகிறார்கள். உப்பு காசைப் போலக் கைமாறிய உலகம் இரண்டு இடத்திலும் தெரிகிறது.

மகளின் கேள்விக்கு வருவோம். உப்பைப் பெட்டியாக்கியது எவருமில்லை. சோடியமும் குளோரினும் மாறி மாறி, மேலும் கீழும் பக்கமும் செங்கோணத்தில் அடுக்கி நிற்கின்றன. அந்த அடுக்கே வெளியில் சதுரமாகத் தெரிகிறது. இதை ஊடுகதிரின் துணையோடு 1913இல் காட்டியவர் லோரன்ஸ் பிராக். அப்போது அவருக்கு வயது 23. முதன்முதலில் உள்ளமைப்பு அறியப்பட்ட படிகங்களில் ஒன்று நம் அடுப்படி உப்பு என்பது எனக்குப் புதிய செய்தி.

நாட்டு மருந்துக் கடையில் சீனாக்காரம் வாங்கினோம். படிகாரம் என்பதும் அதுவே. படிகம், படிகாரம் என்ற இரண்டு சொற்களும் பளிங்கைக் குறிக்கும் 'ஸ்படிக' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. அறபியில் இதற்கு 'ஷப்'; யமன் நாட்டுச் சரக்குக்கு இருந்த பெயரால் 'ஷப் யமானி' என்றே வழங்கிற்று. கி.பி. 925இல் மறைந்த அர்-ராஸி தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் உப்புகளைத் தனி வகையாக்கி, சீனாக்காரத்தைத் துத்தங்களோடு சேர்த்தார். கரைத்தல், வடித்தல், காய்ச்சுதல் முறைகளையும் எழுதினார். கற்கண்டின் பின்பாதி பாரசீகத்திலும் அறபியிலும் 'கந்த்' ஆகி ஐரோப்பாவுக்குப் போய் 'கேண்டி'யாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் பாடநூல்களில் இவையெல்லாம் ஒரு வரியாவது வர வேண்டாமா?

செய்முறை எளிது. சுடுநீரில் சீனாக்காரத்தை இனிக் கரையாது என்னும்வரை கரைத்து, துணியில் வடித்து ஆறவிட வேண்டும். மறுநாள் அடியில் சிறு மணிகள் கிடக்கும். அவற்றில் நல்லதொன்றை நூலில் கட்டி, அதே கரைசலில் தொங்கவிட்டு, தூசி விழாமல் தாளால் மூடி, ஆட்டாமல் வைக்க வேண்டும். ஆட்டாமல் என்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஒரு கிழமையில் எட்டு முகமுள்ள கண்ணாடிக் கல் தொங்கிற்று. உப்பை இப்படி ஆறவைத்து வளர்க்க முடியாது. நூறு மில்லிலீற்றர் குளிர்ந்த நீரில் ஏறத்தாழ 36 கிராம் கரைகிறது, கொதிநீரிலும் 39தான். ஆகவே உப்புக்கு வெயில்தான் வழி. கடைத்தூள் உப்பும் சரிவராது. கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் கலங்கிவிடும். கல்லுப்பே நல்லது.

கடல்நீர் ஒரு லீற்றரில் 35 கிராம் அளவு உப்புச்சத்துகள் உண்டு. அதில் கறியுப்பு 27 கிராம் வரும். கரையிலிருந்து போத்தலில் கொண்டுவந்த நீரைப் பீங்கான் தட்டுகளில் ஊற்றிக் கூரைமேல் வைத்தோம். முதலில் படிவது சுண்ணச்சத்து. நீர் பத்திலொன்றாகச் சுருங்கிய பிறகே மேற்பரப்பில் சின்னச் சின்னச் சதுரத் தோணிகள் மிதக்கத் தொடங்கின, கனத்ததும் அமிழ்ந்தன. பிள்ளைகள் மத்தியான வெயிலில் ஏணியை விட்டு இறங்கவில்லை.

இங்கே என் உம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதே ஆண்டில் ஆனையிறவு உப்பளமும் போரால் நின்றது. செம்மணியில் உப்பு விளைந்ததென்று இன்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயர் வேறொன்றாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தது புத்தளம். அதுவும் உப்பூர். கிடுகுக் கொட்டிலிலிருந்து உம்மா பொழுது விடிய முந்தியே பாத்திக்குப் போவா. குதிக்கால் வெடிப்புக்குள் உவர் ஏறும்; இரவில் தேங்காயெண்ணெய் தடவி விடுவது என் வேலை. இடம்பெயர்ந்த வாழ்வைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாத்தியில் நின்ற பெண்களைப் பற்றி எழுதியது குறைவு. பல்லவம் கட்டுவது, பதம் பார்ப்பது, கசப்பு நீர் வடிப்பது எல்லாம் அறிவுதான். எழுதாவிட்டால் அவர்களோடு போய்விடும். 2025இல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். நாலு பக்கமும் கடல் என்று ஆளாளுக்குக் கேலி பேசினார்கள். மழை அடித்தால் பாத்திக்கு என்ன ஆகும் என்று கேலி பேசினவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்பதாம் நாள் முதல் தட்டு முழுதாகக் காய்ந்துவிட்டது. மகள் பெருமையோடு கொண்டுபோய் உம்மாவிடம் நீட்டினாள். உம்மா ஒரு கல்லை நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தா.

"கசக்குது. காயவிட்டிட்டியள். கடைசித் தண்ணிய ஊத்தியிருக்கோணும்."

கறியுப்பு படிந்த பின்னும் மக்னீசிய உப்புகள் அந்தக் கடைசி நீரில்தான் நிற்கும் என்று நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன். வடிக்கத்தான் மறந்துபோனேன். இரண்டாவது தட்டில் இன்னும் விரல்நுனி அளவு நீர் இருந்தது. உம்மா தானே வந்து, தட்டைச் சரித்து, உப்பு அசையாமல் அதை மட்டும் மெல்ல வடித்துவிட்டா.