கிரயமும் வில்லங்கமும்: தமிழகத்தில் வீடு விற்பனைப் பதிவு கடந்து வந்த பாதை

தமிழ்நாட்டில் எழுதப்படும் கிரயப் பத்திரம் எதையும் எடுத்து, சொத்து விவரத்துக்கு முந்தைய பத்திகளைப் படித்துப் பாருங்கள். பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால் விற்றவரே முன்னின்று தம் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவதாக ஓர் உறுதிமொழி இருக்கும். தானாதி வினிமய விக்கிரயம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்று நீளும் வாசகங்களுக்கு நடுவே அது கண்ணில் படாமல் போவதும் உண்டு. முத்திரைத்தாள் விற்ற அரசோ, பத்திரத்தைப் பதிந்த சார்பதிவாளரோ அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. பதிவு முறையில் எத்தனையோ சீர்திருத்தங்கள் வந்தும் இந்த நிலை அப்படியே நீடிப்பது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 17-ஆம் ஒழுங்குமுறை பத்திரப் பதிவுக்கு வழி செய்தது. விரும்பியவர் பதியலாம், விடலாம். 1864-ஆம் ஆண்டுச் சட்டம்தான் 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்தின் விற்பனையைக் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவிலும் அதே 100 ரூபாய்தான் வரம்பு. ரூபாயின் மதிப்பு எங்கோ போய்விட்டது, வரம்பு நகரவில்லை. 1858-இலேயே தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் முறை வந்திருந்தது. அங்கே அரசின் பேரேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இங்கே 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வரை வந்த சட்டங்கள் எல்லாமே வேறு வழியில் சென்றன: பேரேட்டில் ஏறுவது பத்திரம், உரிமை அன்று.

இதன் பொருள் சார்பதிவாளரின் மேசை முன் தெளிவாகும். எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்திருக்கிறாரா, கையெழுத்துத் தம்முடையது என்று ஒப்புக்கொள்கிறாரா, சாட்சிகள் அவரை அடையாளம் காட்டுகிறார்களா என்று அவர் பார்க்கிறார். புகைப்படமும் கைரேகையும் வாங்கப்படுகின்றன. வீடு அவருடையதுதானா என்ற கேள்வி அந்த மேசைக்கு வருவதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வாங்குபவர் போடுவதுதான் வில்லங்கச் சான்று மனு. அந்தச் சான்றில் வருவன பதிவான பத்திரங்கள். பதியாத உயில், பங்கு கேட்காமல் இருக்கும் வாரிசு, நிலுவையிலுள்ள வழக்கு பலவும் அதில் தெரியாது. சென்னையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தாய்ப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் அடமானம் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற வணிக நகரங்களுக்குச் சட்டம் தந்த சலுகை. எழுத்தில்லாமலே அது செல்லும். வீடு அடகில் இருக்க, வில்லங்கம் ‘இல்லை’ என்று வந்ததுண்டு. பட்டாவோ வருவாய்த்துறையின் சங்கதி. ஒரே மனைக்கு இரண்டு துறைகளில் இரண்டு பேர் உரிமையாளராக இருப்பது நம்மூரில் புதுமையன்று.

பவர் பத்திரத்தின் கதை இதில் சுவையான பகுதி. முத்திரைத் தீர்வையைத் தவிர்க்க, கிரயம் எழுதாமல் ஒப்பந்தமும் பவர் எனப்படும் பொது அதிகாரப் பத்திரமும் போட்டுக்கொண்டு வீடுகள் கைமாறின. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிக் கைமாறுவதால் உரிமை மாறாது என்றது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தம், சொத்து தொடர்பான பவர், பத்திர ஒப்படைப்பு உடன்படிக்கை ஆகியவற்றுக்கும் பதிவு கட்டாயமானது. பழைய ஓட்டைகளில் சிலவற்றையாவது அடைத்த மாற்றம் இது.

கட்டணச் சீர்திருத்தத்தைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல முடியவில்லை. 2017 ஜூனில் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைந்தது. பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 விழுக்காடானது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. கட்டணம் 2 ஆனது. முத்திரைத் தீர்வையும் கூடுதல் வரியுமாக 7 விழுக்காடு இந்த மாற்றங்களின்போது மாறவில்லை. 60 லட்ச ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டை அந்த மதிப்பிலேயே எழுதினால் 2017-க்கு முன் 4.80 லட்சம், பிறகு சுமார் 4.42 லட்சம், 2023-இல் 5.40 லட்சம் ஆகும். குறைப்பு என்று அறிவித்ததும் கூட்டியதும் ஒரே கணக்கின் இரு வரிசைகள்தாம்.

வேகம் கூடியதை மறுக்க இயலாது. முன்பு பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் எழுத்தர் பதிவேட்டில் கையால் நகலெடுக்க வேண்டும். அது முடியும்வரை அசல் அலுவலகத்திலேயே கிடக்கும். 2000-இல் வந்த ‘ஸ்டார்’ திட்டம் அந்த வேலையை ஸ்கேனருக்கு மாற்றியது. 2018-இல் அதன் இரண்டாம் பதிப்பு பதிவு வேலையை இணையத்துக்குக் கொண்டுசென்றது. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பட்டா மாறுதலும் இப்போது பதிவைத் தொடர்ந்து தானாக நடக்கிறது. வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்ப்பதற்குள் இருப்பது மட்டும் 1908-இன் சரக்கு.

அந்தச் சரக்கை மாற்ற அரசு முயன்றது 2022-இல். போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யப் பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவு வந்தது. முன் பத்திரத்தின் அசலைக் காட்டினால்தான் பதிவு என்று 55-ஏ விதி வந்தது. அசல் தொலைந்திருந்தால் காவல்துறையின் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்றும் நாளிதழ் விளம்பரமும் தேவைப்பட்டன. 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாததாக்கியது. 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியது: விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை; மூலச் சட்டம் தராததை விதி தர முடியாது. சட்டப்படி இந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால் ஆராயும் வேலை அதனால் மறைந்துவிடவில்லை. வங்கிக் கடன் வாங்குபவர் கட்டணம் கட்டி, வழக்கறிஞரிடம் லீகல் ஒபீனியன் கேட்கிறார். அந்த வழக்கறிஞர் முதலில் கேட்பது முப்பது வருட வில்லங்கமும் மூலப் பத்திரமும்தான்.