உற்பத்திக் கூடத்திலிருந்து உலக வணிகம்: லிண்டா லிம்மின் ஆய்வுப் பாதை

சிங்கப்பூரரான லிண்டா லிம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் பல்லாண்டுகள் உத்தி, அனைத்துலக வணிகம் ஆகிய பாடங்களைக் கற்பித்த பேராசிரியர். கேம்பிரிட்ஜிலும் யேலிலும் பொருளியல் படித்தபின் 1978இல் மிச்சிகனிலேயே முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத்தும் அதே பள்ளியில் இருந்தவர்தாம். பிரகலாத் பன்னாட்டு நிறுவனங்களை அவற்றின் தலைமையகத்திலிருந்து நோக்கினார். லிம்மோ முதலீடு வந்திறங்கும் நாட்டிலிருந்து, அதுவும் வேலை செய்பவரின் இடத்திலிருந்து தொடங்கினார்.

அந்தத் தொடக்கத்துக்குக் காலமும் துணை நின்றது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக 1968இல் அறிவிப்பு வந்ததும் வேலைவாய்ப்பு சிங்கப்பூரின் முதற்கவலையானது. நேஷனல் செமிகண்டக்டர், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அதையொட்டிய ஆண்டுகளில் இங்குச் சில்லுகளை இணைக்கும் ஆலைகளை அமைத்தன. நுண்ணோக்கிவழி குனிந்து பார்த்து, தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை இளம்பெண்களுக்கு வந்தது. சிங்கப்பூர், மலேசியா மின்னணு ஆலைகளின் பெண் ஊழியரைப் பற்றி லிம் 1978இல் வெளியிட்ட ஆய்வு பின்வந்தோர்க்கு அடிப்படையாயிற்று. இந்த வேலை பெண்ணுக்கு வருமானமும் ஓரளவு சுதந்திரமும் தந்தது. ஆனால் குறைந்த கூலிக்குக் காரணமான ஆணாதிக்கத்தை அதனால் மட்டும் உடைக்க முடியவில்லை. சுரண்டல் என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடாமல் இரண்டையும் ஒருசேரக் கண்டதே அவர் ஆய்வின் வலிமை.

தடையற்ற சந்தையின் வெற்றிக்குச் சிங்கப்பூரையே பலரும் சான்று காட்டிய காலத்தில், 1983இல் ‘ஏஷியன் சர்வே’ இதழில் அந்தக் கருத்தை ஒரு கட்டுக்கதை என்று அவர் எழுதினார். நிலம், உழைப்பு, மூலதனம் மூன்றிலும் அரசின் கை ஓங்கியிருந்ததை எடுத்துக்காட்டினார். அக்கட்டுரை வந்த மூன்றே ஆண்டுகளில், 1985ஆம் ஆண்டு மந்தத்துக்குப் பிறகு, ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியில் முதலாளிகள் செலுத்தும் பங்கை அரசு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைத்தது. அவர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது, பொருளியலாளர் பாங் எங் ஃபோங்குடன் அவர் 1982இல் எழுதிய வெளிநாட்டு ஊழியர் பற்றிய கட்டுரை. 1970இல் வெளிநாட்டினர் சிங்கப்பூர் ஊழியரணியில் ஏறத்தாழ 3 விழுக்காடு. 1978இல் மலேசியாவுக்கு அப்பாலிருந்தும் ஆளெடுக்க விதிகள் தளர்ந்தன. 2010இல் அவர்களின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. இந்த எண்ணிக்கையின் ஒரு முகத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் காணலாம்: பஃபலோ சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் நிறையும் கட்டுமான ஊழியர்கள், பணம் அனுப்பும் கடைகளின் முன்னே வரிசைகள், தமிழும் வங்காளமும் கலந்த பேச்சு. மலிவான உழைப்பு வளர்ச்சியை விரைவாக்கும். அதே வேளையில் இயந்திரத்திலும் திறனிலும் முதலிடும் தேவையைத் தள்ளிப்போடவும் செய்யும். 2016இல் லிம் தொகுத்த ‘சிங்கப்பூர்ஸ் இகனாமிக் டெவலப்மென்ட்’ நூலிலும் அவரும் பாங்கும் உழைப்பு, உற்பத்தித்திறன் ஆகியவற்றை முன்வைத்து இந்நாட்டின் வளர்ச்சி முறையை மீண்டும் ஆராய்ந்தனர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் தென்கிழக்காசியச் சீனர் வணிகம், அந்நிய நேரடி முதலீடு ஆகியவற்றிலும் அவர் நூல்கள் வந்தன. 2018இல் அவருடைய பல பத்தாண்டுக் கட்டுரைகள் ‘பிசினஸ், கவர்ன்மென்ட் அண்ட் லேபர்’ என்ற தொகுப்பாயின. அடுத்த ஆண்டு, ஆய்வுரிமைக்காகவும் அறிவுலக விவாதத்துக்காகவும் சிங்கப்பூர்க் கல்வியாளர்கள் சிலர் தொடங்கிய ‘அகடமியா எஸ்ஜி’யின் நிறுவனர்களுள் ஒருவரானார்.