கொறடாவின் வரிசையும் தொகுதியின் குரலும்: கேமரன் மலை நாடாளுமன்ற உறுப்பினர்கள், 2004 – 2024

மலேசியாவின் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியானது 2003-ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பில்தான். 2004 பொதுத்தேர்தலில் அது முதல் முறையாக ஓர் உறுப்பினரைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இம்மலைச் சரிவுகளில் தமிழர்கள் கொழுந்து பறித்து வந்திருக்கிறார்கள். ஆயினும் தொகுதி உருவானபோது தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகளில் பலர் காய்கறித் தோட்டங்களுக்கும் சுற்றுலாத் தொழிலுக்கும் சமவெளி நகரங்களுக்கும் போய்விட்டிருந்தார்கள். இன்று கொழுந்து வெட்டும் கைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தொழிலாளர்களுடையவை. அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. 2019-இல் இத்தொகுதியின் பதிவுபெற்ற வாக்காளர்கள் சுமார் 32,000 பேர். மலாய்க்காரர் மூன்றில் ஒரு பங்கு, சீனர் அதற்குச் சற்றுக் குறைவு, பூர்வகுடியினர் ஐந்தில் ஒருவருக்கு மேல், இந்தியர் ஏறத்தாழ 15 விழுக்காடு.

இத்தொகுதியின் உறுப்பினர்கள் மக்களவையில் அளித்த வாக்கு அவரவர் கட்சியின் நிலைப்பாட்டோடு எவ்வாறு பொருந்தியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கட்சிக்கு எதிராக வாக்களித்தவர் என்று இத்தொகுதியில் எவரும் பெயர் பெற்றதில்லை. அதை விசுவாசத்துக்கு அத்தாட்சியாகக் கொள்வது எளிது. என் முடிபு வேறு. மாறுபாடு இருந்திருக்கிறது, அது வாக்கில் பதிவாகாதபடி அவையின் நடைமுறையும் கூட்டணியின் கட்டமைப்பும் தடுத்திருக்கின்றன.

முதலில் அந்த நடைமுறையைப் பார்க்க வேண்டும். மலேசிய மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. அவைத் தலைவர் கேட்கிறார், உறுப்பினர்கள் குரல் எழுப்புகிறார்கள், அவ்வளவுதான். அதிகாரபூர்வ அறிக்கையில், விவகாரம் முன்வைக்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்ற பொருளில் ஒரே ஒரு மலாய் வரி நிற்கும். யார் என்ன சொன்னார் என்பது அதில் இராது. பெயர்வாரியாக எண்ண வேண்டுமானால் 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். மலாயில் இதைப் பெலா பஹாகியான் என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் காலைப் பெரட்டில் கூப்பிடப்பட்டு, வந்தாரா வரவில்லையா என்று குறிக்கப்பட்டது. அந்தத் தொழிலாளி தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினரின் பெயரோ ஆண்டுக்குச் சில முறைதான் கூப்பிடப்படுகிறது.

இந்த விதி வெறும் சடங்கன்று. 2020 நவம்பர் 26 அன்று பிரதமர் முஹிடின் யாசின் அரசின் 2021 வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவிலான வாக்கெடுப்புக்கு வந்தபோது பெயர்வாரி எண்ணிக்கை கேட்டு எழுந்தவர்கள் 13 பேர். இருவர் குறைந்ததால் குரல் வாக்கிலேயே அது நிறைவேறியது. டிசம்பர் 15 அன்று இறுதிக் கட்டத்தில் எண்ணியபோது 111-க்கு 108. மூன்றே வாக்குகளில் நின்ற ஓர் அரசின் நிதித் திட்டம் கொள்கைக் கட்டத்தை எவர் பெயரும் பதியாமல் கடந்து வந்திருக்கிறது.

உறுப்பினரின் வாக்கைக் கட்சியின் வாக்கோடு ஒப்பிட ஸ்டூவர்ட் ரைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1920-களில் ஒரு குறியீட்டை வகுத்தார். ஒரு கட்சியினரில் ஆதரித்தவர் விழுக்காட்டுக்கும் எதிர்த்தவர் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடே அது; எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் 100. மலேசிய ஆளுங்கூட்டணிக்கு இதைப் பொருத்தினால் ஏறக்குறைய எப்போதும் 100 வரும். அந்த 100-க்கு என்ன பொருள் என்று யோசிக்கத்தான் வேண்டும். எண்ணப்பட்ட வாக்குகளை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. எண்ணப்படாத நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பற்றியும், எண்ணும் நேரத்தில் அவையில் இல்லாதவர்களைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை. பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 2015 ஏப்ரல் 7 விடியற்காலை நிறைவேறியபோது ஆதரவு 79, எதிர்ப்பு 60. 222 இடங்கள் உள்ள அவையில் எண்ணப்பட்டவர்கள் 139 பேர் மட்டுமே. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரத்தை மீண்டும் கொண்டுவந்த ஒரு சட்டத்தின் மீது எண்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வாய் திறக்கவில்லை. கட்சியோடு முரண்படும் உறுப்பினருக்கு வராமல் இருப்பதே எளிய வழி என்பதை இத்தகைய கணக்குகள் காட்டுகின்றன. 2022 மார்ச்சில் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டத்தின் தடுப்புக்காவல் பிரிவை நீட்டிக்கும் அரசுத் தீர்மானம் 84-க்கு 86 என்று தோற்றபோதும் 50 பேர் அவையில் இல்லை. ஜூலையில் அதே தீர்மானம் மீண்டும் வந்து 111-க்கு 88 என வென்றது.

இனித் தொகுதிக்கு வருவோம். அன்றைய ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணியின் பங்கீட்டில் கேமரன் மலை மலேசிய இந்திய காங்கிரசுக்கு (ம.இ.கா.) ஒதுக்கப்பட்டது. முதல் உறுப்பினர் எஸ். கே. தேவமணி. அவருடைய முதல் தவணையில் நடந்த ஒரு நிகழ்வை இவ்வாய்வின் மையச் சான்றாகக் கொள்கிறேன். 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணியில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கண்ணீர்ப்புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் எதிர்கொண்டார்கள். அரசும் ம.இ.கா. தலைமையும் பேரணியைக் கண்டித்தன. தேவமணியோ, இத்தனை பேர் திரண்டது சமூகத்தின் மனக்குறைக்கு அடையாளம் என்னும் கருத்தில் மக்களவையிலேயே பேசினார். ஆளுங்கூட்டணித் தலைமை அவரிடம் விளக்கம் கேட்டது. ஓர் உறுப்பினர் அரசுக்கு எதிராக வாக்களிக்கவில்லை, தீர்மானம் கொண்டு வரவில்லை. தன் மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று சொன்னார். அதற்கே விளக்கம் கேட்கப்பட்டது என்றால், வாக்கில் மாறுபடுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது மற்ற உறுப்பினர்களுக்குப் புரிந்திருக்கும்.

அடுத்த நான்கே மாதத்தில் வந்த 2008 மார்ச் தேர்தலில் ம.இ.கா. ஒன்பது நாடாளுமன்ற இடங்களில் நின்று மூன்றில் வென்றது. கட்சித் தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார். தாப்பா, சிகாமட் ஆகியவற்றோடு நின்றது கேமரன் மலை. அந்த வெற்றிக்கு அவையில் பேசிய பேச்சே காரணம் என்று சொல்லச் சான்று போதாது. பூர்வகுடி, மலாய் வாக்காளர்களின் ஆதரவும் பெரும் காரணம். ஆனால் பேசியதால் தொகுதியை இழக்கவில்லை என்பது உறுதி. பின்னர் அவர் பிரதமர் துறைத் துணையமைச்சரானார்.

தோட்ட மக்களின் வாழ்க்கையை நேரடியாகத் தொட்ட ஒரு சட்டம் அவருடைய இரண்டாம் தவணையில், 2011-இல், வந்தது: தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம். அதன் கீழ் 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. அதுவே 2016-இல் 1,000, 2022-இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் என உயர்ந்தது. இந்தத் தொகைகள் எல்லாம் அமைச்சரின் ஆணையால் நிர்ணயிக்கப்பட்டவை. மக்களவையில் எவரும் கை தூக்கி முடிவு செய்தவை அல்ல. சரிவில் கூடை சுமக்கும் ஒருவரின் வருமானத்தைத் தீர்மானிக்கும் எண்ணில் அவருடைய பிரதிநிதியின் வாக்கு எங்குமே இல்லை. நிலமும் அப்படித்தான். அது மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. காடழிப்பும் தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமங்களும் குவாந்தானில் முடிவாகின்றன.

இந்த அதிகாரப் பிரிவினையின் கொடுமையை 2013 நன்றாகவே காட்டியது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் ம.இ.கா. தேசியத் தலைவர் ஜி. பழனிவேல் இங்கே நின்று 10,506 வாக்குகள் பெற்றார், ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) எம். மனோகரன் பெற்றவை 10,044. வேறுபாடு 462. தொகுதிக்குள் அடங்கிய தானா ராத்தா சட்டமன்ற இடத்தை அதே நாளில் ஜ.செ.க. கைப்பற்றியது. பழனிவேல் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சரானார். அக்டோபர் 23 அன்று சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைப் பலி கொண்டது. கண்மூடித்தனமான காடழிப்பால் சேர்ந்த வண்டல் அணையின் கொள்ளளவைக் குறைத்திருந்தது. 2014 நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். சுற்றுச்சூழல் அமைச்சரின் சொந்தத் தொகுதியே சேற்றில் கிடந்தது. நிலத்தின் மீதான அதிகாரமோ அவர் கூட்டணியே நடத்திய மாநில அரசின் கையில். அரசியலமைப்பின் 43-ஆம் விதி அமைச்சரவையைக் கூட்டுப் பொறுப்பில் கட்டுகிறது. அமைச்சராகிவிட்ட உறுப்பினர் அரசுக்கு எதிராக வாக்களிக்க முடியாது. அந்தப் பதவிக்குத் தொகுதி கொடுக்கும் விலை அது.

பிறகு இந்த வரலாற்றின் விசித்திரமான கட்டம் வருகிறது. 2013 ம.இ.கா. கட்சித் தேர்தலில் நடந்த முறைகேட்டுப் புகார்களை ஒட்டிச் சங்கப் பதிவிலாகா மறுதேர்தல் நடத்தச் சொன்னது. பழனிவேல் தரப்பு 2015-இல் நீதிமன்றம் போனது. கட்சிக்குள் தீர்வு தேடாமல் நீதிமன்றம் போகிறவர் உறுப்பியத்தைத் தானாகவே இழப்பார் என்பது கட்சியின் 91-ஆம் விதி. 2015 ஜூனில் அவர் கட்சியில் இல்லை என்று பதிவிலாகா உறுதிப்படுத்தியது. ஜூலை 28 அன்று அமைச்சர் பதவியும் போனது. ஆனால் மக்களவை இடம் போகவில்லை. 2018 வரை அவர் கட்சியில்லாத உறுப்பினராகவே நீடித்தார்.

ஆய்வாளனுக்கு இது அரிய வாய்ப்பு. கட்சியின் பிடி அகன்றபின் உறுப்பினர் எப்படி நடக்கிறார்? இக்காலத்தில்தான் தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டம் 107-க்கு 74 என்றும், தொகுதி எல்லைச் சீரமைப்பு 129-க்கு 80 என்றும், பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம் 123-க்கு 64 என்றும் நிறைவேறின. பழனிவேல் எதிரணிக்குப் போகவில்லை. அரசுக்கு நட்பான சுயேச்சையாகவே கருதப்பட்டார். கொறடா இல்லாதபோதும் வரிசை மாறவில்லை. ஆக, கட்டிப்போட்டது கட்சியின் தண்டனை மட்டுமன்று. கூட்டணியின் சின்னத்தில் வென்றவர் அக்கூட்டணிக்குக் கடமைப்பட்டவர் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே கட்டியது என்று கருதுகிறேன். தொகுதியின் வாக்காளர் அந்த உறவில் மூன்றாம் மனிதராகிவிட்டார்.

2018-இல் ம.இ.கா.வின் சி. சிவராஜ் 597 வாக்குகளில் வென்றார். ஆட்சி மாறியிருந்ததால், எதிரணி வரிசையில் அமர்ந்த முதல் கேமரன் மலை உறுப்பினர் அவர். அது நெடுநாள் நீடிக்கவில்லை. ஊழல் நடவடிக்கை நடந்ததாகக் கண்ட தேர்தல் நீதிமன்றம் நவம்பர் 30 அன்று வெற்றியை ரத்து செய்தது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ம.இ.கா.வை விலக்கி, ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ரம்லி முகமது நோரை நேரடி வேட்பாளராக நிறுத்தியது. அவர் 12,038 வாக்குகளும் மனோகரன் 8,800 வாக்குகளும் பெற்றார்கள். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் ரம்லி. இம்மண்ணின் மூத்த குடிகளுக்கு விடுதலை பெற்று அறுபது ஆண்டு கழித்துக் கிடைத்த இடம் அது. அதை ஒரு தமிழ்த் தொகுதியின் இழப்பாக மட்டும் பார்ப்பது சரியாகாது.

2022-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஜூலை 28 அன்று 209-க்கு 0 என்று நிறைவேறிய கட்சித்தாவல் தடைத் திருத்தம் அரசியலமைப்பில் 49A விதியைச் சேர்த்தது. கட்சியிலிருந்து விலகினாலோ உறுப்பியத்தை இழந்தாலோ இடம் போகும். கட்சி நீக்கினால் போகாது. கொறடாவை மீறி வாக்களிப்பது இதில் குற்றமாகவில்லை. இந்தியாவின் பத்தாவது அட்டவணை அதற்கு நேர்மாறு: கொறடா ஆணையை மீறிய வாக்கே தகுதியிழப்புக்குக் காரணமாகலாம். ஆனாலும் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என நம்பிக்கை வாக்கு வென்றபோது எதிர்த்து வாக்களித்த, அவர் கட்சியின் பன்னீர்செல்வம் அணியினர் பதவி இழக்கவில்லை. வாக்கெடுப்பில் எதிர்த்து நிற்காத, அதே கட்சியின் தினகரன் அணியைச் சேர்ந்த 18 பேர் இழந்தார்கள். சட்டம் எப்படி இருந்தாலும் கடைசி முடிவு அவைத் தலைவரின் கையில் வந்து நிற்கிறது.

மலேசியாவிலும் அதுவே நடந்தது. 2022 டிசம்பர் 16 அன்று கையெழுத்தான ஒற்றுமை அரசின் ஒப்பந்தம், நம்பிக்கை வாக்கிலும் நிதி மசோதாவிலும் பிரதமர் அன்வார் இப்ராஹிமை ஆதரிக்காத உறுப்பினரை விலகியவராகக் கருதும் என்றது. சட்டம் விட்டு வைத்த இடைவெளியை ஒப்பந்தம் அடைக்கப் பார்த்தது. எதிரணியின் பெர்சத்து கட்சியும் தன் விதியைத் திருத்தி, அன்வார் அரசை ஆதரித்த ஆறு உறுப்பினர்கள் உறுப்பியத்தை இழந்ததாக அறிவித்தது. 2024 ஜூலையில் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் அவர்களின் இடங்கள் காலியாகவில்லை என்று தீர்ப்பளித்தார். தானாகவே உறுப்பியம் இழப்பது என்ற ஏற்பாட்டில், பழனிவேல் 2015-இல் சந்தித்ததை ஒத்த கேள்வியே இது. 49A அன்று இருந்திருந்தால் கேமரன் மலை 2015-இலேயே ஓர் இடைத்தேர்தலைக் கண்டிருக்கக்கூடும்.

ரம்லி 2022-இல் மீண்டும் வென்று, டிசம்பர் 19 அன்று மக்களவைத் துணைச் சபாநாயகரானார். அரசியலமைப்பின் 62-ஆம் விதிப்படி, அவையை நடத்தும் உறுப்பினர் வாக்குகள் சமமாகும்போது மட்டுமே வாக்களிப்பார். மற்ற நேரம் வாக்களிக்கக் கூடாது. கட்சியோடு ஒப்பிட இத்தொகுதியின் வாக்கே இல்லாத நேரங்களும் இப்போது உண்டு.

எனவே மசோதாக்களின் இறுதிக் கட்டமான மூன்றாம் வாசிப்பு அனைத்தையும் பெயர்வாரியாக எண்ண மக்களவை நிலைக்கட்டளையைத் திருத்த வேண்டும்; 15 பேர் எழ வேண்டும் என்ற நிபந்தனையை அக்கட்டத்திலாவது நீக்க வேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. எண்ணப்பட்ட வாக்குகளின் பெயர்ப் பட்டியல்கள் அதிகாரபூர்வ அறிக்கைகளில் மலாயில் கிடக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் அவற்றைத் தொகுதிவாரியாகத் திரட்டித் தமிழில் தரலாம்; ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் காலையில் விற்கும் தமிழ் நாளேடுகள் அதை அச்சிடலாம். இந்த வேலையை யாராவது இவ்வாண்டே தொடங்குங்கள்.