ஏரி 260இல் நடந்தது

ஒன்ராறியோவில் வளர்ந்த எங்களுக்கு ஏரி என்றால் ரொறன்ரோவுக்கு முன்னால் கடல்போல் கிடப்பதுதான். மாகாணத்தின் வடமேற்கில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய சிறிய ஏரிகள் பல உண்டு. அவற்றுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஏரி 260 அவற்றில் ஒன்று.

ஆனால் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே பிடித்த ஆண் மீன்களின் விந்தகத்தில் முட்டைகள் இருந்தன. ஆய்வாளர்கள் தேடிப்போனபோது நீரில் அகப்பட்டவை பெண் ஹோர்மோன்கள். அவற்றில் ஒன்று எத்தினில் ஈஸ்ட்ரடயோல். 1938இல் பெர்லினில் உருவாக்கிய இந்த மருந்து, பின்னாளில் கருத்தடை மாத்திரைகளில் சேர்ந்தது. இயற்கை ஹோர்மோனை ஈரல் சீக்கிரம் சிதைத்துவிடும், இதை அவ்வளவு எளிதில் சிதைக்க முடியாது. மாத்திரைக்கு அது நல்ல குணம், ஆற்றுக்கு அல்ல. போதாததற்கு, உடல் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் ஹோர்மோனைக் கழிவுநீரில் உள்ள பக்டீரியாக்கள் மீண்டும் உயிர்ப்பித்துவிடுகின்றன!

மீன் இப்படி மாறினால் மீன் இனமே அழியுமா? 2001 முதல் மூன்று கோடைகள், கேரன் கிட் தலைமையிலான குழு ஏரி 260இல் இந்த மருந்தைக் கலந்தது. லீற்றருக்கு 5, 6 நானோகிராம்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 30 மைக்ரோகிராம் உள்ள ஒரு மாத்திரையைக் கரைத்தால் 6,000 லீற்றர் நீர் அந்த அளவுக்கு வந்துவிடும். ஆண் மீன்கள் முட்டைக் கருவுக்கான புரதத்தை உண்டாக்கின. சில ஆண்டுகளில் ஃபாட்ஹெட் மினோ என்ற சிறு மீன் அநேகமாக இல்லாமலே போனது. இரை குறைந்ததால் பெரிய ட்ரவுட் மீன்களும் குறைந்தன. மருந்தை நிறுத்திய பின் சிறு மீன்கள் மெல்ல மீண்டன.

இதைப் படித்துவிட்டுச் சிலர் மாத்திரை எடுக்கும் பெண்களைக் குறை சொல்வார்கள். அது தவறு. இயற்கை ஈஸ்ட்ரோஜன் எல்லா மனிதரிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் நீருக்குப் போகிறது. குடிநீரில் உள்ள நுண்ணளவு மனிதருக்குத் தீங்கு செய்வதாகவும் இதுவரை நிறுவப்படவில்லை.

சுவிற்சர்லாந்து அந்த நிரூபணத்துக்காகக் காத்திருக்கவில்லை. வழமையான சுத்திகரிப்பு ஹோர்மோன்களின் ஒரு பகுதியைத்தான் நீக்கும். மீதியை ஓசோன் உடைக்கும், அல்லது செயலூட்டிய கரி பிடித்துக்கொள்ளும். சூரிச்சுக்கு அருகே டூபென்டோர்ஃபில் 2014இல் ஓசோன் முறை முழு அளவில் ஓடத் தொடங்கியது. 2016இல் சட்டமே வந்தது: நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை மேம்படுத்த வேண்டும். செலவுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை கட்டணம். அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரரும் அதைக் கட்டுகிறார்கள், பலருக்கு எதற்கென்றே தெரியாது.