'ஆள் கிடைக்கவில்லை' என்ற புகாரின் வரலாறு



'வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை' என்று நிலம் வைத்திருப்பவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்த பிறகு அந்தக் குரல் கூடியிருக்கிறது. ஆனால் புகார் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேரி மக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறத் தொடங்கியபோது தஞ்சை மிராசுதார்களும் இதையேதான் சொன்னார்கள். ஊரில் ஆள் இருந்தது. சொன்ன கூலிக்குக் கைகட்டி நிற்கும் ஆள்தான் குறைந்திருந்தது.

வேலை தேடுகிறவரின் பலம் எதில் இருக்கிறது? 'இந்த வேலை வேண்டாம்' என்று எழுந்து போக முடிவதில் இருக்கிறது என்பது என் வாதம். மிராசுதார்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வழியை அடைக்கத்தான் அவர்கள் மிகுதியாக மெனக்கெட்டார்கள்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை மீது உரிமை கோரி நீதிமன்றம் வருவதைத் தடுத்தது. 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் அடிமை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஏட்டில் விடுதலை கிடைத்துவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையில், 1859இல் வந்த இன்னொரு சட்டத்தை நம் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், நீதிபதி அவரை வேலைக்குத் திரும்பச் சொல்லலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் தள்ளலாம். கூலி தராத முதலாளிக்கு அதில் சிறை கிடையாது. அந்தச் சட்டம் நீக்கப்பட 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டத்தைவிட வலுவான பூட்டு மனைக்கட்டு. சேரியின் குடிசை நின்ற மண்ணே மிராசுதாருடையது என்று சொல்லப்பட்டது. காலையில் கூலி கேட்டவர் மாலையில் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக மட்டும் நாம் நினைவுகூர்கிறோம். குடியிருக்கும் மனை உழைப்பவருக்கே சொந்தமாக வேண்டும் என்ற அதன் வாதமும் அதே அளவு முக்கியமானது.

கடல் கடந்தவர்களுக்கு விடுதலை கிடைத்ததா? ஓரளவு. ஆண்டையின் கண்ணில் படாமல் வாழ முடிந்தது. சிலர் காசோடு திரும்பி நிலம் வாங்கினார்கள். ஆனால் வழிச்செலவே கங்காணியின் பேரேட்டில் கடனாக ஏறியது. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு துரை எழுதித் தருவது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பாடு வந்தபோது துண்டின் தொகை ஏறியது. தொழிலாளியின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆளுக்கான கிராக்கி ஆளுக்குப் பயன்படாமல் அவர் கடனுக்குப் பயன்பட்ட விந்தை இது. 1921இல் துண்டு ஒழிக்கப்பட்டது.

1938இலும் 1939இலும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலாளர்கள் போவதை இந்திய அரசு நிறுத்தியது. கடல்வழி அடைபட்டது. அதையடுத்த சில ஆண்டுகளில்தான் கீழத்தஞ்சையில் சங்கம் வளர்ந்தது என்பதைத் தற்செயலாக மட்டும் நான் பார்க்கவில்லை. போக முடியாதவர்கள் சேர்ந்து நின்றார்கள். 1943இல் தென்பரையில் பி. சீனிவாசராவ் முன்னின்று தொடங்கிய சங்கம் கூலியோடு சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்தது. அடுத்த ஆண்டு மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது என்றது. நிலவுடைமையாளர்கள் கண்ட பதில் எளிமையானது: பண்ணையாளே வேண்டாம், அன்றாடக் கூலி போதும். நிரந்தரமாக இருந்தவர்கள் ஒவ்வொரு காலையும் வேலை தேடுகிறவர்கள் ஆனார்கள். கட்டும் அறுந்தது, பாதுகாப்பும் போனது. பாதுகாப்பை ஒரு பிரிவினருக்கு மட்டும் எழுதிவைத்தால் முதலாளி அந்தப் பிரிவையே காலி செய்துவிடுவான் என்பதை ஒப்பந்தத் தொழிலாளர் சட்டங்களைப் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

வெண்மணியை 'அரைப்படி நெல்லுக்கான போராட்டம்' என்று சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பதே நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் நிபந்தனை. வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதும் கூலியை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. உள்ளூர்க்காரர்களின் 'மாட்டோம்' என்ற சொல்லைச் செல்லாக்காசாக்குவதற்குத்தான். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

1969இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. இரண்டில் பின்னதே பெரியது என்பேன். கூலி கேட்டால் வீடு போகும் என்ற அச்சத்தில் அதுதான் கை வைத்தது.

பூட்டு வேறு வடிவில் திரும்பியதையும் பார்த்தோம். மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பலர் நம் சேரிப் பெண்கள். மூன்றாண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. இடையில் நின்றால் அது கிடையாது. கங்காணி பணத்தை முன்னால் கொடுத்துக் கட்டிப்போட்டார். ஆலை, அந்தப் பெண்ணின் கூலியையே பிடித்துவைத்துக் கட்டிப்போட்டது.