இருபது முதல் முப்பது அங்குலம்: முரண்படும் மாதிரிகளும் பனிப்புயல் முன்னறிவிப்பும்

2015 ஜனவரி 26 இரவு 11 மணிக்கு நியூயார்க்கின் சுரங்க ரயில் பயணிகளுக்கு நிறுத்தப்பட்டது. பனிக்காக அச்சேவை முழுமையாக நின்றது அதன் வரலாற்றில் அதுவே முதல்முறை. தண்டவாளத்தில் பனி சேராதிருக்க, ஆளில்லாப் பெட்டிகளுடன் ரயில்கள் இரவெல்லாம் ஓடின. தேசிய வானிலைச் சேவை நகருக்கு 20 முதல் 30 அங்குலம் பனி என்று அறிவித்திருந்தது. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம்.

முன்னறிவிப்பு பொய்த்தது என்று இதை முடித்துவிட முடியாது. சுமார் 70 கி.மீ. கிழக்கே ஐஸ்லிப்பில் 24.9 அங்குலமும், மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலமும் கொட்டின. புயல் வந்தது, சற்றுக் கிழக்கே விலகி வந்தது. இத்தகைய புயலின் மேற்கு விளிம்பில் பனிப்பொழிவு சட்டென்று குறைந்துவிடும். அந்த விளிம்பு சில பத்து கிலோமீட்டர் நகர்ந்தாலே ஒரு நகரத்தின் நிலை மாறிவிடும். ஓர் அங்குல நீர் ஏறத்தாழப் பத்து அங்குலப் பனியாகும் என்பதால், நீரளவில் நேரும் சிறு பிழையும் தரையில் பெரிதாகத் தெரியும்.

வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில், ஐரோப்பிய மாதிரி நகருக்குப் பெரும்பனி காட்டியது. அம்மாதம்தான் மேம்படுத்தப்பட்டிருந்த அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரி குறைவாகக் காட்டியது. 2012இல் சாண்டி புயல் நியூ ஜெர்சி பக்கம் திரும்பும் என்று பல நாள் முன்பே சொன்னது ஐரோப்பிய மாதிரி. அந்த நினைவுதான் 2015இல் தராசை ஐரோப்பிய மாதிரியின் பக்கம் சாய்த்தது என்று கருதுகிறேன். சராசரியில் சிறந்த மாதிரி குறிப்பிட்ட ஒரு புயலிலும் சிறந்து நிற்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

எந்த மாதிரி வெல்லும் என்று கேட்பதே பிழை. தொடக்கநிலையின் நுண்ணிய வேறுபாடு பெருகி முடிவையே மாற்றும் என்று வானிலை அறிஞர் எட்வர்ட் லொரன்ஸ் 1963இல் காட்டினார். தொடக்கநிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை கணிக்கும் தொகுப்பு முன்கணிப்பு அதை ஏற்று எழுந்தது; அது 1992 முதல் நடைமுறையில் உள்ளது. மாதிரிகள் பிரிந்து நிற்பதே ஒரு தகவல்; அது மக்களுக்குச் சேர வேண்டும். '20 முதல் 30' என்ற அறிவிப்பில் ஐயத்துக்கு இடம் விட்டதுபோல் ஒரு தோற்றம் உண்டு. அதன் கீழ் எல்லையோ விழுந்த பனியைப் போல் இரு மடங்கு.

அதிகாரிகளுக்கு ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பனி வாரும் வண்டிகளைத் தயாராக நிறுத்த மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே போதும். ஒரு மாநகரின் ரயிலை நிறுத்த அது போதாது. தடுப்புச் செலவும் நேரக்கூடிய இழப்பும் செயலுக்குச் செயல் வேறுபடும். வாய்ப்பின் அளவை மறைத்தால், முடிவெடுக்கும் உரிமையை முன்னறிவிப்பாளரே எடுத்துக்கொண்டதாகிவிடும்.

நிச்சயமின்மையை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று தேசிய வானிலைச் சேவையின் அன்றைய இயக்குநர் லூயிஸ் உசெல்லினி 2015 புயலுக்குப் பின் ஏற்றுக்கொண்டார். ஆயினும் 2017 மார்ச் 14 புயலுக்கு முந்தைய நாள், நகரில் பனி குறையக்கூடும் என்று தெரிந்தும், மக்கள் குழம்புவார்கள் என்று கருதி அச்சேவையின் முன்னறிவிப்பாளர்கள் பனிப்புயல் எச்சரிக்கையை மாற்றாமல் விட்டார்கள். சென்ட்ரல் பார்க்கில் அன்று விழுந்தது 7.6 அங்குலம்.